நிலத்துக்கு உச்சவரம்பு கேட்டோம்… உயிருக்கு உச்சவரம்பு வைக்கிறார்களா?



உச்சவரம்புன்னா என்னன்னு தஞ்சாவூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஊர் ஊராக நிலம் வைத்திருந்த மிராசுதாரர்கள். இன்னொரு பக்கம், குடியிருக்கும் மனைக்கட்டுகூடச் சொந்தமில்லாத பண்ணையாட்கள். அந்த மண்ணில் நின்றுதான் "ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல நிலம் கூடாது"ன்னு நம் முன்னோடிகள் கொடி பிடித்தார்கள். 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டம் வந்தது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. பினாமி, டிரஸ்ட் என்று அதில் எத்தனை ஓட்டை போட்டார்கள் என்பது தனிக்கதை. ஆனால் உச்சவரம்பு என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் ஒரே அர்த்தம்தான்: அளவுக்கு மீறி வைத்திருப்பவன் கையைக் கட்டுவது.

இப்போ அதே சொல்லை எடுத்துப் பாதிக்கப்பட்டவன் கையைக் கட்டப் பார்க்கிறார்கள்.

மருத்துவமனையின் கவனக்குறைவால் உயிர் போனாலும், கண் போனாலும், கால் போனாலும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கிற இழப்பீட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கணுமாம். "இத்தனை லட்சத்துக்கு மேல எந்த நீதிபதியும் கொடுக்கக் கூடாது"ன்னு சட்டமே போடணுமாம். இந்திய மருத்துவச் சங்கம் 2017 ஜூன் 6-ந் தேதி டெல்லியில் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. அதற்குப் பிறகும் இந்தக் குரல் ஓயவில்லை.

முன்கதையையும் தெரிஞ்சுக்குங்க. முதலில் "நோயாளி நுகர்வோரே கிடையாது, எங்களை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது" என்று உச்ச நீதிமன்றம் வரை போனதும் இதே சங்கம்தான். 1995 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை ஒரு சேவை, அதில் குறை இருந்தால் கேள்வி கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. கதவைச் சாத்த முடியவில்லை. அதனால் இப்போ கதவுக்கு உள்ளே இருக்கிற கல்லாப்பெட்டிக்குப் பூட்டு கேட்கிறார்கள்.

இது டாக்டர்களுக்கு எதிரான பதிவு இல்லை. கடைசி வரை படிச்சிட்டுச் சொல்லுங்க.

🔴 எழும்பூரில் பார்வை இழந்த பெண் குழந்தை

1996 ஆகஸ்ட் மாதக் கடைசி. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. உரிய நேரத்தில் கண்ணைப் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. பெற்றோரிடம் யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை முழுசா இழந்தது.

அந்தத் தகப்பன் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ந் தேதி, அந்தப் பெண்ணுக்கு 18 வயதாகியிருந்தபோது, ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதில் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசே கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். வாழ்நாள் முழுக்க ஆகும் செலவையும், வருஷா வருஷம் ஏறும் விலைவாசியையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

5 லட்சம் எங்கே, 1 கோடியே 80 லட்சம் எங்கே? 36 மடங்கு. அந்த வித்தியாசத்தில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையே இருக்கிறது. "10 லட்சத்துக்கு மேல கூடாது"ன்னு அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால், "பாவம், ஆனா சட்டத்துல இடமில்லை"ன்னு சொல்லிட்டு நீதிபதி பேனாவை மூடியிருப்பார்.

🔴 உச்சவரம்பு யார் தலையில் விழும்?

"கோடிக்கணக்குல வாங்குறவனுக்குத்தானே உச்சவரம்பு? ஏழைக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. கணக்குப் போட்டே பதில் சொல்வோம்.

விபத்து வழக்குகளில் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இறந்தவரின் வருஷ வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, மிச்சத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 35 வயது என்றால் அந்த எண் 16.

ஒரத்தநாடு பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஓர் அக்காவை நினைச்சுக்குங்க. வயசு 35. மாதம் 8,000 ரூபாய் வருமானம் என்று வைப்போம். சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வருஷத்துக்கு 64,000. பதினாறால் பெருக்கினால் 10 லட்சத்து 24 ஆயிரம். அதே 35 வயதில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் சாப்ட்வேர் ஊழியருக்கு இதே கணக்கில் 1 கோடியே 92 லட்சம்.

பார்த்தீங்களா? கூலித் தொழிலாளிக்கு உச்சவரம்பு ஏற்கெனவே இருக்கு. அவங்க வாங்கும் கூலியே அந்த உச்சவரம்பு. சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது. நூறு நாள் வேலை அட்டையைத்தான் காட்ட முடியும்.

அப்போ அவங்களுக்கு நியாயமான தொகை கிடைக்க என்ன வழி? ரெண்டே வழிதான்.

ஒன்று, வாழ்நாள் பராமரிப்புச் செலவு. இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்த படுக்கையாகிவிட்டால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேணும். மாதம் 10,000 ரூபாய், 40 வருஷம் என்றால் விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலே 48 லட்சம். மருந்தும் சக்கர நாற்காலியும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ செலவும் தனி. மிராசுதார் வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் இந்தச் செலவு ஒன்றுதான்.

இரண்டு, வலிக்கும் இழப்புக்குமான தொகை. தாயில்லாமல் வளரும் பிள்ளைகள், ஊனத்தோடு கழியும் வாழ்நாள், இதற்கெல்லாம் நீதிபதி மனசாட்சிப்படி மதிப்பிட்டுக் கொடுப்பது.

மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு வைத்தால் முதல் வழி அடைபடும். வலிக்கான தொகைக்கு மட்டும் வைத்தால் இரண்டாவது அடைபடும். எப்படி வைத்தாலும் அடி வாங்குவது கூலித் தொழிலாளியும், வீட்டில் இருக்கும் பெண்ணும், சம்பாதிக்காத குழந்தையும், வயசான அப்பா அம்மாவும்தான்.

மருத்துவ வழக்குகளில் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டையே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆளைப் பார்த்து நியாயமான தொகையைக் கொடுங்கள் என்று 2009-லும் 2013-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழைக்குத் திறந்த அந்த ஒரு ஜன்னலையும் சாத்தத்தான் இந்த உச்சவரம்பு.

🔴 ஒரு கட்டை விரலின் விலை என்ன?

2021 ஜூன் மாதம், நம்ம தஞ்சாவூரிலேயே அரசு மருத்துவமனையில் நடந்தது. பிறந்து இரண்டு வாரமே ஆன பெண் குழந்தை. கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியை எடுக்கும்போது கத்தரிக்கோல் பட்டுக் கட்டை விரல் நுனி துண்டானது. நாடே செய்தி பார்த்தது.

நாத்து நட்டவங்களுக்குத் தெரியும், கட்டை விரல் இல்லாமல் முடியைப் பிரிச்சு ஒரு நாத்தைக்கூட சேத்துல ஊன முடியாது. பேனா பிடிக்க முடியாது. தையல் ஊசி பிடிக்க முடியாது. ஆனா இரண்டு வாரக் குழந்தைக்கு வருமானம் என்ன? பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்தக் குழந்தைக்கு நியாயம் கிடைக்கணும்னா நீதிபதியின் கை கட்டப்படாமல் இருக்கணும். அவ்வளவுதான் நாம் கேட்பது.

தவறு செய்த ஊழியரைத் திட்டித் தீர்ப்பதோடு முடித்துவிடுகிறோம். எத்தனை கட்டிலுக்கு ஒரு செவிலியர், எத்தனை மணி நேர டூட்டி என்று யாரும் கேட்பதில்லை. இழப்பீடு பெரிதாக இருந்தால்தான் அந்தக் கேள்வியை அரசாங்கமும் நிர்வாகமும் தன்னையே கேட்டுக்கொள்ளும். கூடுதலாக நாலு பேரை வேலைக்கு எடுப்பதைவிட நஷ்டஈடு கட்டுவது மலிவு என்று ஆகிவிட்டால், எந்த நிர்வாகம் ஆளெடுக்கும்?

🔴 "ஆறு கோடி" பூச்சாண்டி

உச்சவரம்பு கேட்கும் எல்லோரும் காட்டுவது கொல்கத்தா வழக்கை. அமெரிக்காவில் வசித்த டாக்டர் குணால் சாஹாவின் மனைவி 1998-ல் தவறான சிகிச்சையால் இறந்தார். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்தது. "பார்த்தீங்களா, இப்படிப் போனா டாக்டருங்க தெருவுலதான் நிக்கணும்" என்கிறார்கள்.

ஆனா ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்த 6 கோடியில் டாக்டர்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு தெரியுமா? இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம். ஒருவருக்கு 5 லட்சம். மிச்சம் முழுவதும் தனியார் மருத்துவமனை நிர்வாகத்தின் தலையில். எழும்பூர் வழக்கில் அரசு, கொல்கத்தா வழக்கில் கார்ப்பரேட். அப்போ உச்சவரம்பு யாரைக் காப்பாற்றும்? இரவு பகலாக உழைக்கும் டூட்டி டாக்டரையா, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியையா? டாக்டரின் வெள்ளைக் கோட்டை முன்னால் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஒளிவது முதலாளி.

இன்னொன்றையும் பாருங்க. அந்த வழக்கு முடிய 15 வருஷம். ஐதராபாத்தில் 1990-ல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்கள் செயலிழந்த மாணவருக்கு 1 கோடி ரூபாய் தீர்ப்பு வந்தது 2009-ல், 19 வருஷம் கழித்து. எழும்பூர்க் குழந்தைக்கு 18 வயசு ஆகிவிட்டது. நுகர்வோர் சட்டமோ சாதாரண வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பாருங்கள் என்கிறது. குறைக்க வேண்டியது இந்த வருஷக் கணக்கை. இவர்கள் குறைக்கச் சொல்வது ரூபாய்க் கணக்கை.

🔴 டாக்டர்களின் பயத்துக்குப் பதில்

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் பத்துக் கட்டில் போட்டு, குறைந்த கட்டணத்தில் பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். "ஒரு வழக்கு வந்தா க்ளினிக்கை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்ற அவர்கள் பயம் பொய்யில்லை. வழக்குக்குப் பயந்து தேவையில்லாத ஸ்கேன் எழுதுவதும், சிக்கலான கேஸை "தஞ்சாவூருக்குக் கொண்டு போங்க"ன்னு தள்ளிவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது. கடைசியில் அதுவும் நம்ம மக்கள் தலையில்தான் விடியும்.

ஆனா சட்டத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகாது, நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு தவறிப்போனதும் குற்றமாகாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வேறொரு தகுதியான டாக்டரின் கருத்து இல்லாமல் கிரிமினல் வழக்கு போடக் கூடாது என்றும் சொன்னது. மருத்துவமனையைத் தாக்கினால் ஜாமீனில் வெளிவர முடியாதபடி தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நாமும் ஆதரிக்கிறோம். டாக்டர் மீது கை வைப்பவன் நம் கட்சிக்காரனாக இருந்தாலும் ஆதரிக்க மாட்டோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் கல்லெடுக்கிறவன் யார்? கோர்ட்டுக்குப் போனால் எதுவும் நடக்காது என்று நம்புகிறவன். அவனிடம் "நீ ஜெயிச்சாலும் இவ்வளவுதான்" என்று சட்டமே சொல்லிவிட்டால் அந்தக் கல் கீழே விழுமா, இன்னும் பெரிய கல்லாகுமா? சின்ன டாக்டருக்குத் தேவை குறைந்த பிரீமியத்தில் அரசு நடத்தும் காப்பீடு. அதை அவர்களுக்காக நாமே கேட்கிறோம்.

🔴 லாரிக்கு இல்லாத உச்சவரம்பு ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?

2016-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். விபத்தில் உயிர் போனால் காப்பீட்டுக் கம்பெனி அதிகபட்சம் 10 லட்சம்தான் தரும் என்று அதில் உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2019-ல் சட்டம் நிறைவேறியபோது அந்த உச்சவரம்பு இல்லை. நாகை ரோட்டில் லாரி மோதி இறந்தால் உச்சவரம்பு கிடையாது. அதே ஆள் ஆபரேஷன் தியேட்டரில் கவனக்குறைவால் இறந்தால் உச்சவரம்பா? என்னங்க நியாயம்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1975-ல் வலிக்கும் வேதனைக்குமான தொகைக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். 2022 முடியும் வரை, 47 வருஷம், அந்த எண் ஒரு டாலர்கூட ஏறவில்லை. கடைசியில் அவர்களே அதை உயர்த்த வேண்டி வந்தது. 1975-ல் விற்ற விலைக்கு இன்றைக்கு ஒரு மூட்டை நெல்லை யாராவது விற்பீங்களா?

சட்டத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று கொள்முதல் நிலைய வாசலில் நின்ற விவசாயியைக் கேளுங்க. ஈரப்பதம் 17 சதவீதம் என்று டெல்லியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுவடை நேரத்தில் இங்கே மழை கொட்டுகிறது. நெல் முளைத்துக் கிடக்கும்போது தளர்வு கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கிறோம். எண்ணுக்குக் கண் கிடையாது தோழர்களே. எதிரில் நிற்பது யார் என்று அதுக்குத் தெரியாது.

🔴 தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் கதி

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று சத்தமில்லாமல் இருக்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் அதே 1995 தீர்ப்பு சொல்கிறது. அந்த ஒற்றை வரியைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்ல அரசு வக்கீலால் முடியும். அப்புறம் முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் மெடிக்கலுக்கு வந்த கூலித் தொழிலாளி சிவில் வழக்கு போடணும், இல்லைன்னா மதுரைக் கிளைக்கு ரிட் போட ஓடணும்.

ஓடி ஜெயித்தவர்களும் உண்டு. சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றிய கொடுமையில், 2019-ல் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2022-ல் சென்னையில் தவறான சிகிச்சையால் காலையும் பிறகு உயிரையும் இழந்த 17 வயது கால்பந்து வீராங்கனையின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்தது. ஆனால் கேமரா வந்தால்தான் நிவாரணம் என்றால், கேமரா வராத வேதாரண்யம் குடிசைக்கு யார் வருவார்கள்? நிவாரணம் என்பது மேலேயிருந்து கொடுப்பது. இழப்பீடு என்பது நமக்குச் சேர வேண்டியது. இரண்டையும் குழப்ப விடக் கூடாது.

✊ நாம் கேட்பது

1. மருத்துவக் கவனக்குறைவு இழப்பீட்டுக்கு எந்த வடிவிலும் உச்சவரம்பு கூடாது.

2. வேண்டியது கீழ்வரம்பு. கவனக்குறைவு உறுதியானால், வருமானச் சான்று இல்லாத தொழிலாளிக்கும் இல்லத்தரசிக்கும் குழந்தைக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தொகை. அது விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும்.

3. இலவச சிகிச்சை பெறுபவர்களுக்கும் நுகர்வோர் ஆணையத்தின் கதவைச் சட்டத்திருத்தம் மூலம் திறக்க வேண்டும்.

4. எல்லா மருத்துவமனைக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். சிறிய மருத்துவமனைகளுக்கும் கிராமப்புற டாக்டர்களுக்கும் பிரீமியத்தில் அரசு பங்கு.

5. காலியாகக் கிடக்கும் டாக்டர், செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். தவறு நடக்காமல் இருப்பதைவிடப் பெரிய நியாயம் கிடையாது.

📌 கிளைத் தோழர்கள் கவனத்துக்கு

ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் முதலில் கேஸ் ஷீட்டை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது 2002-லிருந்து இருக்கும் விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம்தான் அவகாசம். "பார்த்துக்கலாம்"னு விட்டால் உரிமை காலாவதியாகும். காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கும் வழக்கு போடும் உரிமை உண்டு. பணம் காப்பீட்டிலிருந்து போனது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

தோழர்களே, இந்த மண்ணில் அரைப்படி நெல் கூலி அதிகமாகக் கேட்டதற்கு வெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்கள். உழைப்புக்கு இவ்வளவுதான் விலை என்று ஆண்டைகள் அன்றைக்குக் கோடு கிழித்தார்கள். உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று இன்றைக்குக் கோடு கிழிக்கப் பார்க்கிறார்கள். அன்றைய கோட்டை அழித்தவர்களின் பிள்ளைகள் நாம்.

படித்துவிட்டு நகராதீங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. வாசிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்க.

#உயிருக்கு_உச்சவரம்பு_இல்லை
#இழப்பீடு_எங்கள்_உரிமை
#டெல்டா